ரோட்டர்டாமிலிருந்து ஆறு நாள்: காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்கள்

முதல் நாள், செவ்வாய்க்கிழமை: கிண்டர்டைக்

பள்ளி விடுமுறைக்காகப் பத்து வயது மகளையும் ஆறு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் வேலை பார்க்கும் தம்பியின் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அம்மா இரண்டு மாதமாக இங்கேதான் இருக்கிறார். சின்னப் பிள்ளைகளையும் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பெட்டி தூக்கி அலைய முடியாது என்பதால், காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ரோட்டர்டாமைச் சுற்றி அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவே இல்லை. அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிவிடுவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். பார்க்கும் இடத்திலெல்லாம் ஏதாவது ஓர் எண்ணைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வது என்று மகள் முடிவு செய்திருக்கிறாள்.

எராஸ்மஸ் பாலத்தின் அருகிலுள்ள படகுத்துறையில், இங்கே வாட்டர்பஸ் என்று அழைக்கும் படகில் ஏறினோம். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான அந்தப் படகுப் பயணமே மகனுக்குப் பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. கிண்டர்டைக்கில் இறங்கிக் கரைமேல் ஏறி மறுபக்கம் பார்த்தபோது அம்மாதான் முதலில் பேசினார். "ஆறு மேல ஓடுது, வயலு கீழ கெடக்கு" என்றார். உண்மையில் அந்த இடத்தின் முழுக் கதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. கரைக்கு ஒரு பக்கம் கப்பல் போகும் ஆறு. மறுபக்கம், அந்த ஆற்றின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்த புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்த நிலம் ஆதியிலேயே இவ்வளவு தாழ்வாக இருந்ததில்லை. சதுப்பு மண்ணிலிருந்து நீரை வடித்து விவசாயம் செய்யச் செய்ய, மண் உலர்ந்து அமுங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் நீர் தானாக ஆற்றுக்கு வடிய வழியில்லாமல் போய், அதை ஏற்றிவிட வேண்டிய நிலை வந்தது.

அதற்காக எழுந்தவைதான் இங்கே வரிசையாக நிற்கும் 19 காற்றாலைகள். செங்கல்லால் கட்டிய வட்ட வடிவ ஆலைகள் 1738-இலும், நாணல் கூரையிட்ட எண்கோண ஆலைகள் 1740-இலும் கட்டப்பட்டவை. 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக இவை காக்கப்படுகின்றன. மாவரைக்கும் ஆலைகள் என்று நினைத்துக்கொண்டு வந்த மகளுக்கு, ஒரு காற்றாலையின் அடியில் பலகைகள் பொருத்திய பெரிய சக்கரத்தைக் காட்டி, காற்று இறக்கையைச் சுற்ற, இறக்கை இந்தச் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் தாழ்ந்த வாய்க்காலின் நீரை வாரி உயர்ந்த வாய்க்காலில் தள்ளும் என்று விளக்கத் தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் அம்மா எடுத்துக்கொண்டார். அம்மா பிறந்து வளர்ந்தது கீழ்வேளூர்ப் பக்கத்துக் கடைமடைக் கிராமம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடமும் அதுதான். ஐப்பசி மழையில் மேலே உள்ள ஊர்களின் தண்ணீரெல்லாம் வந்து தேங்கி வடியாமல் நிற்கும் இடமும் அதுதான். நம் ஊரில் ஏற்றம் இறைத்தது வயலுக்குள் தண்ணீர் கொண்டுவர, இவர்கள் ஏற்றம் இறைத்தது வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்ற என்று அவர் சொன்னதும் பேரனுக்கும் பேத்திக்கும் விளங்கிவிட்டது. ஏற்றம் என்றால் என்ன என்று மகன் கேட்க, அதற்குத் தனியாக ஒரு கதை நடந்தது.

அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஆலை ஒன்றுக்குள் போனோம். ஏணி போலச் செங்குத்தான படிகள் என்பதால் அம்மா கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முதியவர்களோடு வருபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சுவரோடு சேர்ந்த மர அலமாரி போன்ற பெட்டிக்குள் படுக்கை இருந்தது. அந்த வட்டமான சிறிய இடத்தில், பெரிய மரத்தண்டு நடுவில் சுழன்றுகொண்டிருக்க, பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. இன்றும் பெரும்பாலான ஆலைகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் நின்றபோது இறக்கை ஒவ்வொன்றும் தரையை உரசுவது போலத் தாழ்ந்து வந்து, துணி படபடக்க, உறுமலோடு மேலே போனது. ஒரு சுற்றுக்கு நான்கு உறுமல். காற்றின் திசை மாறும்போது ஆலையின் தலைப்பகுதியை மட்டும் பின்பக்கத்து மரக்கைகளைக் கொண்டு திருப்பிக்கொள்ளலாம். நிறுத்தி வைத்த இறக்கைகளின் கோணத்துக்கும் பொருள் உண்டு: மேலுள்ள இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றால் அந்த வீட்டில் கல்யாணமோ பிறப்போ, உச்சியைத் தாண்டி நின்றால் சாவு.

பிள்ளைகளை அதிகம் பிடித்துக்கொண்டது ஊர்ப் பெயரின் கதை. 1421 நவம்பரில் வந்த பெருவெள்ளம் வடிந்த பிறகு, மிதந்து வந்த ஒரு தொட்டிலைக் கரையிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அதன்மேல் ஒரு பூனை இடமும் வலமுமாகத் தாவித் தாவித் தொட்டில் கவிழாமல் காத்தது. உள்ளே ஒரு குழந்தை நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தது என்பது கதை. கிண்டர்டைக் என்றால் குழந்தையின் கரை. திரும்பும் வழியில், படகேறும் முன், இன்று அந்த வேலையைச் செய்யும் நீரேற்று நிலையத்தின் பெரிய திருகுக் குழாய்களைப் பார்த்தோம். ஆர்க்கிமிடீஸ் திருகு என்று பாடப் புத்தகத்தில் படித்தது, கண் முன்னால் ஓர் ஆற்றுக்கு நீர் ஏற்றிக்கொண்டிருந்தது. மகளின் நோட்டில் இன்றைய எண் 19.

இரண்டாம் நாள், புதன்கிழமை: டெல்ஃப்ட்

ரயிலில் கால் மணி நேரம்தான். இங்கே பயணச்சீட்டு வாங்கத் தனியாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வங்கி அட்டையை நுழையும்போது ஒரு முறையும் வெளியேறும்போது ஒரு முறையும் கருவியில் காட்டினால் கட்டணம் கழிந்துவிடும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும் என்பதையும், வெளியேறும்போது காட்ட மறந்தால் கூடுதலாகப் பணம் பிடிக்கப்படும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவான சிறுவர் சீட்டும் உண்டு; நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணமே இல்லை.

டெல்ஃப்ட் நடந்து பார்க்க ஏற்ற ஊர். கால்வாய்களின் ஓரத்தில் தடுப்பே இல்லாத இடங்கள் பல உண்டு என்பதால் மகனின் கையை விடவில்லை. பழைய தேவாலயத்தின் கோபுரம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி ஏறத்தாழ இரண்டு மீட்டர் சாய்ந்து நிற்கிறது. தூர்த்த கால்வாயின் மேல் அதைக் கட்டியதுதான் காரணம் என்கிறார்கள். ஓவியர் வெர்மீரும், தாமே தேய்த்த வில்லைகளால் ஒரு சொட்டு நீருக்குள் நுண்ணுயிர்களை முதன்முதலாகக் கண்ட துணி வணிகர் லேவன்ஹுக்கும் அதனுள் அடக்கமாகியிருக்கிறார்கள். துணியின் நூலை எண்ணிப் பார்க்க வைத்திருந்த வில்லையிலிருந்து தொடங்கியது அந்தக் கண்டுபிடிப்பு என்று சொன்னபோது, மகள் தன் சட்டைத் துணியைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

இன்றைய நாளின் மையம் 1653 முதல் இயங்கிவரும் மட்பாண்டத் தொழிற்கூடம். சீனத்திலிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கொண்டுவந்த நீல வெள்ளைப் பீங்கானைப் பார்த்துப் பார்த்து இந்த ஊர்க் குயவர்கள் செய்யக் கற்றதுதான் டெல்ஃப்ட் நீலம். பிள்ளைகள் ஓடு ஒன்றில் தாங்களே தீட்டலாம். மகன் நேற்றைய பூனையையும் தொட்டிலையும் வரைந்தான். ஆனால் கொடுத்த சாயம் நீலமாக இல்லை. கரி போலக் கறுப்பாக இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து அவன் தூரிகையை வைத்துவிட்டான். அங்கிருந்த பெண்மணி, சூளையில் வெந்த பிறகுதான் கோபால்ட் நீலமாகும் என்று சொல்லி, ஒரே கோடு சூளைக்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கும் என்று இரண்டு ஓடுகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சாயத்தில் தண்ணீர் கூடக் கூட நீலம் வெளிறும் என்பதும், தீட்டியபோது எது எந்த அளவு வெளிறப் போகிறது என்று கறுப்பிலேயே கணிக்கும் கண் அங்குள்ள ஓவியர்களுக்கு உண்டு என்பதும் எனக்குப் புதிய செய்தி. ஓடுகளைச் சுட்டுத் தரச் சில நாளாகும். தம்பி வந்து வாங்கிக்கொள்வான்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை: கௌடா, பிறகு ஐசல் ஆற்றங்கரை

கௌடாவின் பாலாடைக்கட்டிச் சந்தை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வியாழக்கிழமை காலைகளில் மட்டுமே கூடுகிறது என்பதால் இந்த நாளை அதற்கென்று ஒதுக்கியிருந்தோம். 1450 வாக்கில் கட்டி முடித்த நகர மண்டபம் சதுக்கத்தின் நடுவே தனித்து நிற்க, அதைச் சுற்றி மஞ்சள் சக்கரங்களாகக் கட்டிகள் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். மகளால் அசைக்கத்தான் முடிந்தது. விவசாயியும் வணிகரும் எதிரெதிரே நின்று, ஒருவர் விலை சொல்லி மற்றவர் உள்ளங்கையில் ஓங்கி அடிக்க, அவர் வேறு விலை சொல்லித் திருப்பி அடிக்க, கை குலுக்கியதும் பேரம் முடிகிறது. இப்போது இது பார்வையாளர்களுக்காக நடத்திக் காட்டுவதுதான் என்றாலும் பழைய முறையை விடாமல் செய்கிறார்கள். நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து யாருக்கும் தெரியாமல் பேசும் விலையை இவர்கள் ஊர் கேட்கக் கைதட்டிப் பேசுகிறார்களே என்று அம்மாவுக்கு வியப்பு.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். பாலை உறையவைக்கப் பல கட்டிகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள்; தாவர அல்லது நுண்ணுயிர் உறைபொருளில் செய்தவையும் கிடைக்கும். கேட்டால் தயங்காமல் எடுத்துத் தருகிறார்கள். அம்மா அப்படிப்பட்ட ஒரு துண்டைச் சுவைத்துவிட்டு, சீரகம் சேர்த்தது இன்னும் நன்றாக இருக்கிறது என்று அரைக் கிலோ வாங்கினார். பிள்ளைகளுக்கு ஸ்ட்ரோப்வாஃபெல். இந்த ஊர்தான் அதன் பிறப்பிடம். சூடான இரும்பு அச்சிலிருந்து எடுத்த மெல்லிய அப்பத்தை இரண்டாகப் பிளந்து பாகு தடவி மூடித் தருகிறார்கள். ஆறும்வரை பொறுக்காமல் கடித்தால் பாகு நாக்கைச் சுடும் என்பதை மகன் அனுபவத்தில் அறிந்துகொண்டான். தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் உலகப் புகழ் பெற்றவை. நாங்கள் கால் மணி நேரம்தான் அங்கே இருந்தோம், பிள்ளைகளுக்குப் பசி.

மாலையில் தம்பி அலுவலகம் முடித்துக் காரோடு வந்து சேர்ந்தான். மே மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால், திரும்பும் வழியில் நியூவர்கெர்க் என்னும் ஊரில் ஐசல் ஆற்றின் கரைமேல் நிறுத்தினோம். சுற்றுலாப் பயணிகள் யாரும் அங்கே இல்லை. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் மீட்டர் கீழே இருக்கும், நெதர்லாந்தின் மிகத் தாழ்ந்த நிலம் இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. எங்கள் தலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் கடல் நிற்கும் என்று மகள் கேட்டாள். பக்கத்து வீட்டின் மாடிக்கு மேல் இருந்த ஓட்டுக் கூரையைத் தம்பி காட்டினான்.

1953 ஜனவரி 31-ஆம் தேதி இரவு. வடமேற்குப் புயலும் பௌர்ணமிக் கால உயர் அலையும் சேர்ந்து கடலை ஆறுகளுக்குள் தள்ளின. தெற்கே ஸீலாண்ட் மாகாணத்தில் கரைகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தபோது, இந்தக் கரையிலும் ஓர் உடைப்பு விழுந்தது. இது போனால் இதன் பின்னால், ரோட்டர்டாமும் லைடனும் ஆம்ஸ்டர்டாம் பக்கமும் உள்ளிட்ட தாழ்நிலத்தில், ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வாழும் பகுதி முழுவதும் திறந்துவிடும். மண்மூட்டை போட்டு அடைக்க முடியாத அளவுக்கு உடைப்பு பெரிதானபோது, அந்த ஊர் மேயரின் உத்தரவின்பேரில் ஆரி எவெகுரூன் என்ற படகோட்டி, 18 மீட்டர் நீளமுள்ள தன் சரக்குப் படகை ஓட்டிக்கொண்டு வந்து உடைப்பின் குறுக்கே செருகினார். ஒட்டுக்கதவு சாத்துவது போலப் படகு உடைப்பில் போய்ப் பொருந்தி நின்றது. அதைப் பின்பலமாக வைத்து மற்றவர்கள் மூட்டை அடுக்கி விடிவதற்குள் அடைத்துவிட்டார்கள். நீரின் இழுப்பில் படகு உடைப்பு வழியே உள்ளே புரண்டிருந்தால் கரையும் அதோடு போயிருக்கும். இப்போது அந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருள், விளிம்பில் நிற்கும் பத்துக் காசு. எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம் என்பது அதன் கருத்து.

உடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். வெட்டாற்றுக் கரையில் உடைப்பு விழுந்த இரவில், ஊர் ஆண்கள் வைக்கோல் பிரியையும் சாக்கையும் மூங்கிலையும் தூக்கிக்கொண்டு ஓடியதையும், ஒரு மாமா தன் மாட்டு வண்டியையே உடைப்பில் இறக்கியதையும் சிறு வயதில் பார்த்ததாகச் சொன்னார். இதுவரை என்னிடம் சொல்லாத கதை. படகோட்டி சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு அதை முதன்முறையாகக் கேட்டேன்.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை: லைடன்

காலையிலிருந்து மழை. கூரைக்கு அடியில் நாளைக் கழிக்க லைடனின் நாட்டுரலிஸ் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ட்ரிக்ஸ் என்று பெயரிட்ட டைரனோசரஸின் எலும்புக்கூடு இருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானாவில் 2013-இல் அகழ்ந்து எடுத்தது, இதுவரை கிடைத்தவற்றுள் மிகுதியாக முழுமை பெற்றவற்றில் ஒன்று. மகன் அதன் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான்; முக்கால் மணி நேரம் கிளப்ப முடியவில்லை. இது ஒன்றுக்காகவே குழந்தைகளோடு இங்கே வரலாம்.

எனக்கும் அம்மாவுக்கும் இந்த ஊரோடு வேறொரு தொடர்பு உண்டு. லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்ட ஆனைமங்கலச் செப்பேடுகள் பல தலைமுறைகளாக இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் காப்பில் இருந்துவந்தவை. நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் ராஜராஜ சோழன் அளித்ததை அவன் மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். பெரிய தொகுதியில் 21 ஏடுகள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. ஆனைமங்கலம் அம்மாவின் ஊருக்கு அடுத்தடுத்த ஊர். அவருடைய அத்தையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். செப்பேட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை. அருங்காட்சியகத்திலிருந்து வந்து, நனைந்த கால்வாயோரத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நின்று, ஊர் எல்லையை வகுக்க ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியை எல்லையாகக் குறித்தார்கள் என்று அந்த ஏட்டில் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். யானை வயலுக்குள் போய்க் கரும்பைத் தின்றால் எல்லை மாறிவிடுமா என்று மகன் கேட்டான். அத்தை வீட்டு வாய்க்கால் வளைந்து வளைந்து போவதற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றார் அம்மா.

1574-இல் ஸ்பானியப் படை இந்த ஊரை முற்றுகையிட்டபோது, டச்சுக்காரர்கள் தங்கள் கரைகளைத் தாங்களே வெட்டிவிட்டு, வயல்கள்மேல் படகு செலுத்தி வந்து ஊரை மீட்டார்கள். அக்டோபர் 3-ஆம் தேதியை இன்றும் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நேற்று கரையைக் காத்த கதையைக் கேட்ட மகளுக்கு, காத்தவர்களே வெட்டினார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள நேரம் பிடித்தது.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை: மாஸ்லாண்ட் தடுப்பணை

சனிக்கிழமை என்பதால் தம்பியும் சேர்ந்துகொண்டான். ரோட்டர்டாம் துறைமுகத்தைக் கடலோடு இணைக்கும் நியூவ வாட்டர்வெக் என்னும் நீர்வழியின் ஓரமாக, ஹூக் வான் ஹாலண்டுக்குச் சற்று முன்னால் இந்தத் தடுப்பணை இருக்கிறது. ஆறு நாளில் ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்று யாராவது கேட்டால், குழந்தைகள் இருப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

1953-க்குப் பிறகு கடல்வாய்களை அடைத்துக்கொண்டே வந்தவர்களால் இந்த வழியை மட்டும் அடைக்க முடியவில்லை. அடைத்தால் துறைமுகம் செத்துவிடும். அதனால் தேவைப்படும்போது மட்டும் மூடும் இரட்டைக் கதவைச் செய்தார்கள். ஒவ்வொரு கதவும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். வழக்கமாக இரு கரைகளிலும் உள்ள உலர்துறைகளில் ஓய்வெடுக்கின்றன. புயலில் நீர் மூன்று மீட்டருக்கு மேல் உயரும் என்று கணித்தால், மனிதக் கை படாமல் கணினியே ஆணையிடுகிறது. துறைகளுக்குள் நீர் புகுந்து கதவுகள் மிதக்கின்றன. நடு ஆற்றுக்கு அவை நகர்ந்து வந்து சேர்ந்ததும், உட்புறம் வெற்றாக இருக்கும் கதவுகளுக்குள் நீரை நிரப்பி ஆற்றின் அடித்தளத்தில் அமர்த்துகிறார்கள். புயல் ஓய்ந்ததும் நீரை இறைத்து மறுபடி மிதக்கவைக்கிறார்கள். 1997 மே 10 அன்று இது திறக்கப்பட்டது. கடல் உண்மையிலேயே அந்த அளவுக்கு உயர்ந்து, கணினி தானாகவே கதவைச் சாத்தியது முதன்முறையாக 2023 டிசம்பர் 21-ஆம் தேதி இரவில்தான்.

கதவைத் தாங்கும் இரும்புக் கையின் அடியில் ஒரு பந்து மூட்டு இருக்கிறது: பத்து மீட்டர் விட்டம், 680 டன் எடை. கதவு பக்கவாட்டில் திரும்ப வேண்டும், மிதக்கும்போது மேலேறித் தாழ வேண்டும், அலையில் சற்றுப் புரளவும் வேண்டும் என்பதால் சாதாரணக் கீல் போதாது. வழிகாட்டியாக வந்த முதியவர், குழந்தைகளிடம் கையைத் தோளிலிருந்து சுற்றச் சொன்னார். சுற்றினார்கள். முழங்கையிலிருந்து அதேபோல் சுற்றச் சொன்னார். முடியவில்லை. தோளில் இருப்பது பந்து, முழங்கையில் இருப்பது கீல் என்று அவர் சொன்னதும், ஒரு கூட்டம் பிள்ளைகள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த இரும்புப் பந்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஆசிரியர் என்றால் இப்படி இருக்க வேண்டும். காட்சிக்கூடத்தில் சிறிய மாதிரி அணை ஒன்றைப் பிள்ளைகளே இயக்கி, நீரைத் தேக்கிப் பார்க்கலாம். மகன் ஒரு நகரத்தை மூன்று முறை மூழ்கடித்து, நான்காம் முறை காப்பாற்றினான்.

பிற்பகல் ஹூக் வான் ஹாலண்ட் கடற்கரையில் கழிந்தது. ரோட்டர்டாமிலிருந்து மெட்ரோவே நேராகக் கடற்கரை வரைக்கும் வருகிறது என்பது கார் இல்லாதவர்களுக்கு வசதி. காற்று கடுமையாக இருந்ததால் அம்மா காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு, தயிர்சாதத்தை மணல் விழாமல் மூடி மூடிப் பரிமாறினார்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: ஸீலாண்ட்

இன்றைய பயணம்தான் தொலைவு. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். முதலில் கிழக்கு ஸ்கெல்ட் கடல்வாயில் உள்ள பெருந்தடுப்புக்குப் போனோம். ஒன்பது கிலோமீட்டர் நீளம், 65 தூண்கள், 62 இரும்புக் கதவுகள். 1986 அக்டோபரில் திறந்தார்கள். இதை முழுதாக மூடிய அணையாகக் கட்டத்தான் முதலில் திட்டமிட்டார்கள். மூடினால் உப்புநீர் நன்னீராகி, சிப்பியும் மட்டியும் மீனும் போய்விடும் என்று மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்துப் போராடியதால், செலவு கூடினாலும் பரவாயில்லை என்று, அலை உள்ளே வந்து போகும்படி திறந்து மூடும் கதவுகளாக மாற்றினார்கள். மீன்பிடிக்கிறவர்கள் சொல்லி அரசு அணையையே மாற்றியதா என்று அம்மா இரண்டு முறை கேட்டார். நெல்ட்ய யான்ஸ் என்ற செயற்கைத் தீவில், தடுப்பின் உட்புறத்துக்கே போய், காலுக்குக் கீழே அலை நுரைத்துக்கொண்டு பாய்வதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கடல்நாய்களும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன.

பிற்பகலில் ஆவர்கெர்க் என்ற சிற்றூருக்கு வந்தோம். 1953 வெள்ளத்தில் இங்கே விழுந்த உடைப்பைப் பல மாதங்களாக அடைக்க முடியவில்லை. கடைசியில், இரண்டாம் உலகப் போரின் நார்மண்டிப் படையெடுப்பின்போது துறைமுகம் அமைக்கப் பயன்படுத்திய வகையைச் சேர்ந்த நான்கு பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டகங்களைக் கொண்டுவந்து இறக்கி, 1953 நவம்பர் 6-ஆம் தேதி இரவில் மூடினார்கள். அந்தப் பெட்டகங்களே இன்று வெள்ள அருங்காட்சியகம். மண்ணில் பாதி புதைந்த கான்கிரீட் சுவருக்குள் நுழைந்ததும் குளிர் அடிக்கிறது. அந்த நாளில் இரவில் வானொலி ஒலிபரப்பு கிடையாது. எச்சரிக்கை எட்டாமலே பலர் படுக்கையில் இருந்தார்கள். தந்தி, தொலைபேசி எல்லாம் அறுந்த பிறகு, தாங்களே வானொலிக் கருவி செய்து பழகியிருந்த ஆர்வலர்கள்தான் தீவுகளிலிருந்து செய்தி அனுப்பினார்கள். சேற்றிலிருந்து எடுத்த தையல் இயந்திரம், ஒரு பொம்மை, குழந்தையின் காலணி எல்லாம் வைத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளை அழைத்து வரலாமா என்று நான் யோசித்ததுண்டு. அழைத்து வரலாம் என்றே சொல்வேன். மகன் பயப்படவில்லை, ஆனால் என் விரலை விடவும் இல்லை.

இரண்டாவது பெட்டகத்தில் விளக்கு மிகக் குறைவு. தரையில் மணல். அந்த மணலின் மேல் இறந்தவர்களின் பெயர்கள் ஒளியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே குடும்பப் பெயர் நான்கு முறை, ஐந்து முறை தொடர்ந்து வரும்போது மகள் என்னைப் பார்த்தாள். அந்தக் கூடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 1835+1. அந்த ஒன்று தனியாக ஏன் என்று அவள் கேட்க, தம்பி படித்துச் சொன்னான். வெள்ளம் சூழ்ந்த இரவிலேயே பிறந்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் இறந்துபோன ஒரு குழந்தை. பிறப்பு பதிவாகாததால் இறப்பும் கணக்கில் வரவில்லை, பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மா அங்கிருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். 2004 டிசம்பரில் கடல் எங்கள் ஊருக்குள் வரவில்லை. ஆனால் நாகப்பட்டினத்துக்கும் அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் எங்கள் தெருப் பெண்கள் பத்து நாள் சோறு வடித்து, பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். அம்மா முன்னால் நின்று செய்தார். அங்கே கண்டதைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை, இன்றும் பேசவில்லை. மணலில் பெயர்கள் ஒரு சுற்று ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேரு வெச்சிருப்பாங்க. எழுதிக்க ஆளில்லாம போயிருக்கும்" என்றார்.

வெளியே வெயில் அடித்தது. காரில் ஏறும் முன் மகளின் நோட்டை வாங்கிப் பார்த்து, இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறாய் என்று அம்மா கேட்டார். 62 என்று எழுதியிருந்தாள், கதவுகளின் எண்ணிக்கை. அதற்குக் கீழே அதையும் எழுது என்றார். அவள் காரின் மேல் நோட்டை வைத்து, 1835 என்று எழுதி, கூட்டல் குறி போட்டு, ஒன்று எழுதினாள்.